கடைசிச் சுற்றை ஓடுகிறவள்

எங்கள் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் 2021ஆம் ஆண்டின் செய்தித்தாள் துண்டு ஒன்று நெடுநாள் ஒட்டியிருந்தது. ஒட்டியவள் நான்தான். டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தேர்வாகியிருந்த மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணியைப் பற்றிய அரைப்பக்கக் கட்டுரை அது. சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர், கூலி வேலை செய்த பாட்டியால் தங்கையோடு வளர்க்கப்பட்டவர், காலில் செருப்பில்லாமல் ஓடத் தொடங்கியவர். பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் ஒட்டினேன்.

பள்ளி இருப்பது கொல்லிமலையில், குண்டனி நாட்டில். இந்த மலையில் நாடு என்றால் பல சிற்றூர்கள் சேர்ந்த ஒரு தொகுப்பு. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து தமிழ்ப் பாடம் நடத்துகிற சமவெளிக்காரி நான். படிக்கிற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்கள் மலையாளிப் பழங்குடியினர். அவர்களில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒருநாள் அந்தத் துண்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். எங்களிடம் நன்றாக ஓடுகிறவள் அவள். படித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "இந்த அக்கா எத்தன செகண்டுல ஓடுனாங்க டீச்சர்?"

போய்ப் பார்த்தேன். அரைப்பக்கத்தில் எங்கும் அது இல்லை. எத்தனை வயதில் யார் இறந்தார்கள் என்பது இருந்தது. பாட்டி செய்த வேலைகள் இருந்தன. ஓட்டக்காரியின் ஓட்ட நேரம் மட்டும் இல்லை. அன்றிரவு தேடி எடுத்து மறுநாள் சொன்னேன்: 53.55 விநாடி. பட்டியாலாவில் நடந்த தேர்வில் 400 மீட்டரை அந்த நேரத்தில் ஓடித்தான் ரேவதி டோக்கியோ போனார். அவள் அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனாள்.

அதற்கு முன் அந்தக் கட்டுரையை நான் இருபது முறையாவது படித்திருப்பேன், வகுப்பில் ஒருமுறை உரக்க வாசித்தும் காட்டியிருக்கிறேன். எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை என்று யோசித்ததில் எழுந்தது இந்தக் கட்டுரை. நம் ஊர் ஓட்டக்காரிகளைப் பற்றி நாம் எழுதுகிற, படிக்கிற விதத்தின் மீதான விமர்சனம் இது. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

2

டோக்கியோவில் ரேவதி ஓடியது 4×400 கலப்புத் தொடர் ஓட்டம். இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். ஒலிம்பிக்கில் அந்தப் போட்டி இடம்பெற்றது அதுவே முதல் முறை. 2021 ஜூலை 30 அன்று முகமது அனஸ், ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் என்ற வரிசையில் இந்தியா ஓடியது. 3 நிமிடம் 19.93 விநாடி. தங்கள் தகுதிச் சுற்றில் கடைசி இடம்.

நால்வரில் மூன்று பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ரேவதி கையிலிருந்த பேட்டனை வாங்கி ஓடியவர் திருச்சியைச் சேர்ந்த சுபா வெங்கடேசன். அன்று அவரைப் பற்றியும் செய்தி வந்தது, ஆனால் சிறிதாக. பலகையில் ஒட்டுகிற அளவுக்கு ஒரு கதை அவரிடம் யாருக்கும் கிடைக்கவில்லை போலும். அதற்குப் பிறகு அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

2023 ஜூலையில் பாங்காக்கில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் 3:14.70 என்ற புதிய தேசியச் சாதனையோடு இந்தியாவுக்குத் தங்கம். கடைசிச் சுற்று சுபா. அதே போட்டியில் பெண்கள் 4×400இல் வெண்கலம். கடைசிச் சுற்று சுபா. அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் 3:14.34 ஓடி வெண்கலம் பெற்றார்கள். இலங்கை அணி தடம் மீறியதற்காக நீக்கப்பட்டதும் அது வெள்ளியானது. அக்டோபர் 4 அன்று பெண்கள் 4×400இலும் வெள்ளி, 3:27.85. இரண்டிலும் கடைசிச் சுற்று சுபா. 2024 மே மாதம் பகாமாசில் நடந்த உலகத் தொடர் ஓட்டப் போட்டியில் 3:29.35 ஓடிப் பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணி, ஆகஸ்டில் பாரிசில் ஓடிய அணி, 2025 மே மாதம் தென் கொரியாவின் குமி நகரில் ஆசியத் தடகளப் போட்டியில் பெண்கள் தொடர் ஓட்டத்திலும் கலப்புத் தொடர் ஓட்டத்திலும் தங்கம் வென்ற அணிகள், எல்லாவற்றிலும் கடைசிச் சுற்று அவர்தான்.

ஒருமுறை தற்செயலாகக் கடைசிச் சுற்று கிடைக்கலாம். முன்னால் ஓடுகிறவர்கள் மாறிக்கொண்டே இருக்க, இரண்டு ஆண்டுகளாக ஒவ்வொரு பயிற்சியாளரும் தேர்வாளரும் கடைசி 400 மீட்டரை ஒரே பெண்ணிடம் கொடுத்தார்கள் என்றால் அது ஒரு மதிப்பீடு. தடகளத்தை அறிந்தவர்கள் அவருடைய திறமையைப் பற்றி எழுதிய விமர்சனம் என்றே அதைப் படிக்கலாம். நம் பத்திரிகைகளில் அப்படி ஒன்று எழுதப்படவில்லை. திருச்சிக்கும் எங்களுக்கும் ஒரு பகல் தூரம்கூட இல்லை. எங்கள் ஆசிரியர் அறையில் விசாரித்தேன். ரேவதியை ஏழு பேருக்குத் தெரிந்திருந்தது. சுபாவை ஒருவருக்கும் தெரியவில்லை.

இதில் ரேவதிக்கு எதிராக ஒரு சொல்லும் இல்லை. அவருக்குக் கிடைத்த கவனமும் அவருடைய ஓட்டத்துக்குக் கிடைத்த கவனம் அல்ல என்பதுதான் என் வாதம். ஒருவர் ஓட்டம் அவர் பட்ட துயரத்தால் மறைந்தது. இன்னொருவர் ஓட்டம், சொல்லும்படியான துயரம் அகப்படாததால் மறைந்தது. இருவரையும் மறைத்த திரை ஒன்றே.

3

அந்தத் திரை எப்படி வேலை செய்கிறது?

ஒரு பெண் ஓடி ஜெயித்ததும் நிருபர் அவள் வீட்டுக்குப் போகிறார். வீடு ஓட்டு வீடாக இருந்தால் நல்லது, ஓலையாக இருந்தால் இன்னும் நல்லது. அம்மா அழுதால் படம் கிடைக்கும். தலைப்பு தயாராகவே இருக்கிறது: வறுமையை வென்றவள், சாதனை மங்கை, சிங்கப்பெண். அவள் எதிரில் ஓடியவர்கள் யார், அவர்கள் நேரம் என்ன, அவள் எந்த வளைவில் முந்தினாள் என்பதெல்லாம் மைதானத்தில் இருக்கிற செய்தி. வீட்டில் அது கிடைக்காது.

ஆண்களுக்கும் வறுமைக் கதை உண்டு. ஆனால் ஆணுக்கு அது முன்னுரை. அடுத்த பத்தியில் அவன் எறிந்த தூரமும் ஓடிய நேரமும் வந்துவிடும். பெண்ணுக்கு முன்னுரையே புத்தகமாகிவிடுகிறது. அவள் எவ்வளவு பட்டிருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் அவள் ஓடியதற்கு நாம் அனுமதி தருகிறோம். தாலி, பொறுமை, தியாகம் என்று பெண்ணை அளக்க ஏற்கெனவே வைத்திருந்த பழைய படியைத்தான் மைதானத்துக்கும் கொண்டுவந்திருக்கிறோம்.

இந்தக் கதையில் வேலை செய்கிற பெண்களும் தொலைந்துபோகிறார்கள். ரேவதியின் பாட்டி வயலிலும் செங்கல் சூளையிலும் கூலி வேலை பார்த்தவர். பேத்திகளை வேலைக்கு அனுப்பு என்று உறவினர்கள் சொன்னபோது மறுத்துப் பள்ளிக்கு அனுப்பியவர். எல்லாக் கட்டுரைகளும் இதைத் தியாகம் என்றன. நான் இதைக் கணக்கு என்பேன். கையில் வருகிற கூலி எவ்வளவு, இரண்டு பெண்களின் சாப்பாட்டுக்கு எவ்வளவு, அவர்களை வேலைக்கு அனுப்பாததால் போகிற வருமானம் எவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் போட்டுப் பார்த்து ஒரு கிழவி எடுத்த முடிவு அது. ஒரு மாநிலத்தின் விளையாட்டுத் துறை செய்திருக்க வேண்டிய முதலீட்டை ஒரு விவசாயக் கூலி செய்திருக்கிறார். தியாகம் என்று சொல்லிவிட்டால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். முதலீடு என்று சொன்னால் அவருக்கு யார் கடன்பட்டிருக்கிறார்கள் என்ற கேள்வி வரும்.

பரிதாபத்துக்கு இரக்கம் இல்லை என்பதற்கும் அதே டோக்கியோ பயணத்தில் ஒரு சாட்சி உண்டு. திருச்சி மாவட்டத்தின் தனலட்சுமி சேகர் தொடர் ஓட்ட அணியில் மாற்று வீராங்கனையாகப் போனவர். ஓட வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவர் வெளியே இருந்தபோது உடன்பிறந்த சகோதரி இறந்துவிட்டார். கவனம் கலையக் கூடாது என்று வீட்டில் மறைத்துவிட்டார்கள். திரும்பி வந்து இறங்கிய இடத்தில் செய்தி தெரிந்து அவர் தரையில் சரிந்து அழுததைக் கேமராக்கள் படமெடுத்தன. நாடு முழுக்கப் பரவிய காட்சி அது. அந்த ஆண்டு மார்ச் மாதம் கூட்டமைப்புக் கோப்பைத் தடகளத்தில் 200 மீட்டரை 23.26 விநாடியில் ஓடி, பி.டி. உஷா 1998இல் படைத்த 23.30 என்ற போட்டிச் சாதனையை அவர் தாண்டியிருந்தார். 100 மீட்டர் இறுதியில் தூத்தி சந்தைத் தோற்கடித்திருந்தார். அந்த ஓட்டங்களைப் பார்த்தவர்கள் எத்தனை பேர், அந்த அழுகையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? மறு ஆண்டு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி அவர் தடை செய்யப்பட்டபோது, அழுகையைப் பரப்பியவர்களிடம் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஓட்டக்காரியாக அவரை அவர்கள் அறிந்திருக்கவே இல்லை. தவறு செய்தவரைத் தவறு என்று சொல்வதற்கும், அந்தத் தவறு எங்கே தொடங்கியது என்று கேட்பதற்கும் அறிமுகம் வேண்டும்.

இந்த மலையில் பரிதாபத்துக்கு ஒரு சகோதரி இருக்கிறாள்: வியப்பு. "மலைப் பிள்ளைங்க, ஓட்டம் ரத்தத்துலயே இருக்கும்" என்று கீழேயிருந்து வருகிற ஒவ்வொரு விருந்தினரும் சொல்வார். மலைக்காற்று, சாமைச்சோறு, ஏறி இறங்கிய கால். ரத்தத்தில் இருக்கிற ஒன்றுக்குப் பயிற்சி எதற்கு, மைதானம் எதற்கு, உடற்கல்வி ஆசிரியர் எதற்கு? எங்கள் மைதானத்தைக் கயிறு பிடித்து அளந்தோம். ஒரு சுற்று 160 மீட்டர். 400 மீட்டர் ஓட இரண்டரைச் சுற்று வேண்டும், வளைவெல்லாம் குறுகல். விடுமுறையில் மிளகு பறிக்கவும் குச்சிக்கிழங்குக் காட்டுக்கும் போய்விட்டு வருகிற பெண், இந்த வளைவுகளில் கணுக்கால் பிசகாமல் ஓடக் கற்றுக்கொள்கிறாள் என்றால் அது ரத்தம் அல்ல. அவள் கற்றுக்கொண்டது. அதைக் கற்றல் என்று ஒப்புக்கொள்ளாத வரை அவளுக்கு ஆசிரியரும் வரப்போவதில்லை.

4

செய்தித்தாள் மட்டுமே இந்தக் கண்ணை நமக்குக் கொடுக்கவில்லை. விளையாட்டுப் பெண்ணை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தமிழ் சினிமாவும் சொல்லித் தந்திருக்கிறது. 2016இல் 'இறுதிச்சுற்று', 2018இல் 'கனா', 2019இல் 'பிகில்'. மூன்றும் எங்கள் விடுதிப் பெண்கள் கைதட்டிப் பார்க்கிற படங்கள். நானும் தட்டியிருக்கிறேன். மூன்றிலும் பெண் ஜெயிக்கிறாள். ஆனால் அந்த வெற்றி யார் காயத்தை ஆற்றுகிறது என்று பாருங்கள். ஒன்றில் தோற்றுப்போன குத்துச்சண்டைப் பயிற்சியாளர், ஒன்றில் கிரிக்கெட்டுக்காக அழுத விவசாயித் தகப்பன், ஒன்றில் பாதியில் ஆட்டத்தை விட்ட நாயகன். பெண் ஆடுகிறாள், ஆணின் கணக்கு நேராகிறது. 'பிகில்' படத்தில் பயிற்சியாளர் ஒரு வீராங்கனையின் உடம்பைக் கேலி செய்து அவளுக்கு வேகம் ஊட்டுகிறார். அது பயிற்சி முறை என்றே படம் நம்புகிறது.

நிஜத்தில் நல்ல பயிற்சியாளர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ரேவதியைப் பள்ளி மாணவியாக இருந்தபோது கண்டெடுத்து, கல்லூரியும் விடுதியும் காலணியும் கிடைக்கச் செய்தவர் மதுரையின் பயிற்சியாளர் கண்ணன். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஒருவர் கண்ணில் படுவதையே ஒரு பெண்ணின் எதிர்காலம் நம்பியிருக்கிற ஏற்பாட்டைத்தான் கேள்வி கேட்க வேண்டும். கண்ணில் படாதவர்களுக்குப் படமும் இல்லை, பலகையும் இல்லை.

இந்தப் படங்களுக்கு முன்பே, 2013இல், 'எதிர்நீச்சல்' வந்தது. பாலினச் சோதனையின் பெயரால் களத்திலிருந்து தள்ளப்பட்ட ஓட்டக்காரி ஒருத்தி அதில் வருகிறாள். அவள் நாயகனுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். மாரத்தானை ஓடி முடிப்பவன் அவன். அநீதி அவளுக்கு, ஓட்டம் அவனுக்கு.

அந்தப் பாத்திரத்தைப் பார்த்தபோது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் நினைவுக்கு வந்த பெயர் சாந்தி சௌந்திரராஜன். புதுக்கோட்டை மாவட்டத்துச் சூளைத் தொழிலாளியின் மகள், தலித் பெண். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். சில நாளில் பாலினச் சோதனை முடிவு என்று சொல்லி அதைப் பறித்துக்கொண்டார்கள். அவர் ஏமாற்றவில்லை, மருந்து எடுக்கவில்லை. அவருடைய உடம்பு அப்படி இருந்தது, அவ்வளவுதான். போட்டிக்காக உழைத்த ஒரு பெண்ணின் உடம்பை ஊர் முழுக்க உட்கார்ந்து அலசிய நாட்கள் அவை. வறுமையை வென்ற மங்கை என்று எழுதிய அதே கைகள், ஒரு வாரத்தில் அவள் மங்கையா என்று எழுதின. அவரோடு நிற்க ஓர் ஆளும் இல்லாமல் போனதற்கு ஒரு காரணம், அவருடைய ஓட்டத்தின் மீது நமக்கு எந்த உரிமையும் மதிப்பும் வளர்ந்திருக்கவில்லை என்பது. பரிதாபம் கொடுத்தது போலவே பறித்தும்கொள்ளும்.

இது முடிந்த கதை அல்ல. அனைத்துப் பெண்களுக்குமான பாலினச் சோதனை 1960களில் தொடங்கி 1990களில் கைவிடப்பட்டது. இப்போது அது திரும்பியிருக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் பிரிவில் ஓட வேண்டுமானால் எஸ்.ஆர்.ஒய். மரபணுச் சோதனையை வாழ்நாளில் ஒருமுறை செய்துகொண்டாக வேண்டும். சந்தேகம் வந்தவருக்கு மட்டும் என்றிருந்தது, எல்லோருக்கும் என்றாகிவிட்டது. அணியில் ஒரு பெண்ணின் முடிவு மாறினால் மற்ற மூவரின் ஓட்டமும் நிற்கும். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஓடுவதற்காக முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாள். பையனா பொண்ணா என்று அவளைக் கேலி செய்கிறவர்கள் பள்ளிக்குள்ளேயே இருக்கிறார்கள். அந்தக் கேலிக்கும் அந்தச் சோதனைக்கும் இடையில் இருப்பது ஓர் ஏணி. அவள் எவ்வளவு வேகமாக ஓடுகிறாளோ அவ்வளவு வேகமாக அதில் ஏறுவாள்.

5

அப்படியானால் ஓட்டத்தை எப்படிப் பார்ப்பது? எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அந்தப் பெண்ணோடு சேர்ந்து நானும் கற்றுக்கொண்டேன்.

400 மீட்டர், ஓட்டங்களிலேயே நீளமான விரைவோட்டம். முழு வேகத்தில் தொடங்கினால் முடிப்பதற்கு உடம்பில் சரக்கு இருக்காது. நிதானமாகத் தொடங்கினால் பிடிக்க முடியாது. கடைசி நூறு மீட்டரில் எல்லோருமே வேகம் குறைகிறார்கள். முந்துகிறவள் வேகம் கூட்டியவள் அல்ல, மற்றவர்களைவிட மெதுவாகக் குறைகிறவள். 4×100 தொடர் ஓட்டத்தில் பேட்டனைத் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டி வாங்குவார்கள். 4×400இல் அப்படி முடியாது. கொண்டுவருகிறவள் முற்றிலும் தளர்ந்துபோய் வருகிறாள். வாங்குகிறவள் திரும்பி நின்று, அவள் தள்ளாட்டத்தைக் கண்ணால் அளந்து, தன் வேகத்தை அவளுக்கேற்ப வைத்து, இருபது மீட்டர் எல்லைக்குள் பறித்துக்கொள்ள வேண்டும். பொறுப்பு வாங்குகிறவளுடையது. கடைசிச் சுற்றுக்காரிக்கு இன்னொரு சுமை. முன்னால் மூன்று பேர் செய்த லாபமும் நட்டமும் அவள் கையில் வந்து சேர்கிறது. எதிரில் பெரும்பாலும் ஒவ்வொரு நாட்டின் தலைசிறந்த ஓட்டக்காரி.

கலப்புத் தொடர் ஓட்டத்தில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. தொடக்கத்தில் எந்த வரிசையிலும் ஓடலாம் என்றிருந்தது. 2018 ஜகார்த்தாவிலும் 2021 டோக்கியோவிலும் இந்தியா இரு முனையிலும் ஆண்களை வைத்து நடுவில் பெண்களை வைத்தது. தொடங்குவதும் முடிப்பதும் அவர்கள். 2022இல் விதி மாறியது: ஆண், பெண், ஆண், பெண் என்பதே வரிசை. பெண்ணுரிமைக்காக வந்த விதி அல்ல. ஆனால் விளைவு, கலப்பு அணியில் கோட்டைத் தொடுகிற நெஞ்சு எப்போதும் பெண்ணுடையது. டோக்கியோவில் பேட்டனை ஆரோக்கிய ராஜீவிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிய சுபா, பாங்காக்கிலும் ஹாங்சோவிலும் குமியிலும் ஆண்களிடமிருந்து வாங்கி முடித்தார். ஒரு விதி மாறியதும் ஒரு பெண்ணின் வாழ்க்கை எப்படித் திறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சுபாவோடு ஹாங்சோவில் ஓடிய கோவை வித்யா ராம்ராஜையும் இப்படிப் பார்க்கலாம். அக்டோபர் 2 அன்று 400 மீட்டர் தடை ஓட்டத்தின் தகுதிச் சுற்றில் 55.42 விநாடி ஓடினார். 1984 லாஸ் ஏஞ்சலிஸில் உஷா நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டபோது ஓடிய அதே நேரம். அன்றே கலப்புத் தொடர் ஓட்டத்தில் வெள்ளி. மறுநாள் தடை ஓட்ட இறுதியில் 55.68, வெண்கலம். அதற்கடுத்த நாள் பெண்கள் தொடர் ஓட்டத்தில் வெள்ளி. மூன்று நாளில் நான்கு முறை ஒரே தூரம், அதில் இரண்டு முறை பத்துப் பத்துத் தடைகளோடு. அந்த உடம்பு மூன்று நாளும் எப்படிச் சாப்பிட்டது, தூங்கியது, தசைகளை மீட்டது என்பதை ஒரு நிருபர் எழுதியிருந்தால் எங்கள் பெண்களுக்கு அது பாடப்புத்தகம். கிடைத்ததோ, உஷாவைச் சமன் செய்தவர் என்ற ஒற்றை வரி. அக்டோபர் 4 இரவு நீரஜ் சோப்ராவின் ஈட்டிக்கும் ஆண்கள் தொடர் ஓட்டத் தங்கத்துக்கும் பக்கங்கள் போய்விட்டன. 3:27.85 என்பது 2004 ஏதென்ஸில் படைக்கப்பட்ட 3:26.89 என்ற தேசியச் சாதனைக்கு ஒரு விநாடிக்கும் நெருக்கம் என்பதை எங்கே படிப்பது?

பாராட்டு குறைந்துபோனது என்பதல்ல என் குறை. கேள்வியும் சேர்ந்தே குறைந்துபோனது. 2024 ஆகஸ்ட் 9, பாரிஸ். வித்யா, ஜோதிகா ஸ்ரீ தண்டி, எம்.ஆர். பூவம்மா, சுபா. 3:32.51. தகுதிச் சுற்றில் எட்டாவது, அதாவது கடைசி. ஹாங்சோவைவிட 4.66 விநாடி அதிகம். அந்த வேகத்தில் அது ஏறக்குறைய முப்பத்தைந்து மீட்டர். பத்து மாதத்தில் முப்பத்தைந்து மீட்டர் எங்கே போயிற்று? அணியில் இரண்டு பேர் ஏன் மாறினார்கள்? பகாமாசில் மே மாதம் உச்சத்துக்கு வந்த உடம்புகளை ஆகஸ்ட் வரை யார், எப்படிப் பராமரித்தார்கள்? 2002 முதல் 2018 வரை தொடர்ந்து ஐந்து ஆசிய விளையாட்டுகளில் பெண்கள் 4×400இல் தங்கம் வாங்கிய நாடு, தேசியச் சாதனையை ஏன் இருபது வருடம் தாண்டவில்லை?

இவை கூட்டமைப்பிடமும் பயிற்சி முகாமிடமும் கேட்க வேண்டியவை. ஓட்டக்காரிகளிடமும் கேட்கலாம். அவர்கள் தொழில் தெரிந்தவர்கள், பதில் சொல்வார்கள். கடைசி இடத்தைக் கடைசி இடம் என்று சொல்வதால் அவர்கள் சிறுமைப்பட மாட்டார்கள். "பாவம், இவ்வளவு கஷ்டத்திலும் ஒலிம்பிக் வரை போனாளே" என்கிற வாயால் இந்தக் கேள்விகளைக் கேட்க முடியாது. பரிதாபப்பட்டவரிடம் கணக்குக் கேட்பது மரியாதையில்லை என்று நாம் நினைக்கிறோம். அதனால் லாபம் அடைகிறவர்கள் கணக்குச் சொல்ல வேண்டிய நாற்காலிகளில் இருக்கிறார்கள். பெண்ணியம் விளையாட்டுக்குச் செய்ய வேண்டிய முதல் வேலை, இந்தப் பெண்களைத் தொழிலாளர்களாகப் பார்ப்பது என்று நினைக்கிறேன். அவர்கள் வேலை என்ன, எவ்வளவு நன்றாகச் செய்தார்கள், அதைச் செய்ய என்ன கொடுக்கப்பட்டது, என்ன மறுக்கப்பட்டது. சூளையில் கல் அறுத்த பாட்டியைப் பற்றியும் கேட்க வேண்டியவை இவைதான்.

6

பலகையிலிருந்து அந்தத் துண்டை எடுத்துவிட்டேன். பிள்ளைகள் ஒரு அட்டையில் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். முதல் கட்டத்தில் உஷா, ரேவதி, சுபா, வித்யா, தனலட்சுமி, சாந்தி. எதிரே தூரம், நேரம், இடம், ஆண்டு. தனலட்சுமியின் தடையைப் போடுவதா என்று சண்டை வந்தது. போட்டார்கள். சாந்தியின் பதக்கம் பறிக்கப்பட்டதைப் போடுவதா என்று கேட்டபோது, நேரம் ஓடியதுதானே, அதை யாரும் பறிக்க முடியாதே என்று ஒருத்தி சொன்னாள். நேரத்தை எழுதினார்கள். அதற்குக் கீழே எங்கள் பிள்ளைகளின் பெயர்கள், கைப்பேசியில் எடுத்த நேரங்கள்.

சென்ற பருவத்தில் கீழே நடந்த பள்ளிகளுக்கிடையிலான போட்டிக்கு நான்கு பெண்களை அழைத்துப் போனோம். முழு 400 மீட்டர் வட்டத்தை அவர்கள் காலால் மிதித்தது அன்றுதான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பத்துக்கு வந்துவிட்ட நம் பெண்ணுக்குக் கடைசிச் சுற்று. ஆறாவதாகப் பேட்டனை வாங்கி நான்காவதாக வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே மேசைக்குப் போய்த் தன் நேரம் என்னவென்று கேட்டாள். முதல் மூன்று அணிகளுக்குத்தான் குறித்தோம், நாலாவதுக்கு எதுக்கும்மா என்றார் அங்கிருந்தவர்.

நான் கைப்பேசியில் அழுத்தியிருந்தேன். அவள் சுற்று 71 விநாடி. பேருந்து வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தபோது அவள் உள்ளங்கையில் அதை எழுதிவிட்டு, அதற்குப் பக்கத்தில் 53.55 எழுதி, கழித்துப் பார்த்துக்கொண்டு வந்தாள்.